மியூச்சுவல் விவாகரத்துக்கு வக்கீலிடம் ஒரே தொகை பேசுவது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு முழு வழிகாட்டி

பதினாலு வருடமாகக் கோர்ட் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். முதலில் கிருஷ்ணகிரியில், இப்போது தர்மபுரியில். பரஸ்பர சம்மத விவாகரத்து மனுக்கள், அதாவது எல்லோரும் ‘மியூச்சுவல்’ என்று சொல்கிறவை, என் கையால் நிறைய அடித்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் மனு எந்த இடத்தில் திரும்பி வரும், பணம் எந்த இடத்தில் கரையும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

வருகிறவர்களில் பலர் வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வக்கீலுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள், அப்புறம் எதிர்த்தரப்பிடம் பேசுகிறார்கள், கடைசியில்தான் கல்யாணப் பத்திரிகையைத் தேடுகிறார்கள். இடையில் எது தடுக்கினாலும் அட்வான்ஸ் போய்விடும். கீழே சொல்லும் வரிசையில் போனால் அந்த நஷ்டம் பெரும்பாலும் வராது.

1. முதலில் இருவரும் பேசி முடியுங்கள், வக்கீல் அப்புறம்

மியூச்சுவலுக்கு வக்கீல் ஒரே தொகை சொல்வதற்குக் காரணமே சண்டை இல்லை என்பதுதான். சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, இத்தனை தடவை வந்தால் போதும் என்று அவருக்குத் தெரியும். பாதி பேசிய நிலையில் போய் நின்றால் அவர் ஒன்று அதிகம் கேட்பார், இல்லையென்றால் குறைவாகச் சொல்லிவிட்டு நடுவில் ஏற்றுவார்.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு ஜோடி வந்தார்கள். ஜீவனாம்சம் பேசியாயிற்று, குழந்தை அம்மாவிடம் என்றும் ஆயிற்று. பெண்ணின் அம்மா போட்ட நாலு பவுன் செயின் மாமியார் வீட்டில் இருந்தது. “அது சின்ன விஷயம், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று மனுவில் எழுதாமல் விட்டார்கள். மியூச்சுவலில் இரண்டு விசாரணை, நடுவில் ஆறு மாத இடைவெளி. அந்த இரண்டாவது விசாரணைக்கு அந்தப் பெண் வரவில்லை. “செயின் வந்தா நான் வர்றேன்கா” என்று என்னிடம்தான் போனில் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரியை மனுவில் சேர்க்காததால் ஒரு வருடம் வீணாயிற்று.

அதனால் வக்கீலைப் பார்க்கும் முன் ஒரு வெள்ளைத்தாளில் கீழே உள்ளவற்றை இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். நேரில் உட்கார முடியாவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஒரு பெரியவர் நடுவில் இருக்கட்டும்.

பணம்: மொத்தமாக எவ்வளவு, எத்தனை தவணை, எந்தத் தேதியில், ரொக்கமா டிமாண்ட் டிராஃப்டா. வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால் அதையும் எழுதுங்கள்.

நகையும் சீரும்: பவுன் கணக்கு, பீரோ, கட்டில், வண்டி, பாத்திரம் எல்லாம். “சீர் எல்லாம் திருப்பித் தரப்படும்” என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். பொருளைப் பெயர் சொல்லி எழுதினால்தான் பின்னால் வழக்கு வராது.

குழந்தை: யாரிடம் வளரும், இன்னொருவர் எப்போது எங்கே பார்க்கலாம், பள்ளிச் செலவு யாருடையது. “அவ்வப்போது பார்க்கலாம்” என்பது வேலைக்கு ஆகாது. மாதம் எந்த ஞாயிறு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று இருக்கட்டும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைக்குச் சேர வேண்டிய பராமரிப்பை அம்மா எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது. அது குழந்தையின் உரிமை.

கடன்: மகளிர் குழுக் கடன், நகைக்கடன், இருவர் பெயரிலும் உள்ள வீட்டுக்கடன்.

நடந்துகொண்டிருக்கும் வழக்குகள்: மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகார், ஜீவனாம்ச வழக்கு, குடும்ப வன்முறை மனு என எது இருந்தாலும் எழுதுங்கள். வரதட்சணைக் கொடுமை வழக்கு, அதாவது பழைய 498ஏ, இப்போது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ம் பிரிவு, பதிவாகியிருந்தால் மியூச்சுவல் தீர்ப்பு வந்ததும் அது தானாகப் போய்விடாது. சமரசம் சொல்லி அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்தச் செலவு யாருடையது, கையெழுத்துப் போட யார் எப்போது வருவார்கள் என்பதையும் இந்தத் தாளிலேயே முடிவு செய்யுங்கள்.

2. உங்கள் வழக்கு மியூச்சுவலுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

இந்துக்களுக்கு 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. மனு போடும் நாளுக்கு முன் குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிந்துவிட இருவரும் சம்மதித்தோம் என்று இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீடு என்று கட்டாயம் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. ஆனால் நாலு மாதம் முன்பு வரை குடும்பம் நடத்திவிட்டு, “ஒரு வருஷம்னு போட்டுக்கலாம்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். பொய் உங்கள் பெயரில்தான் நிற்கும். மீதி மாதங்கள் பொறுத்திருப்பது நல்லது.

பதிவுத் திருமணம் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடந்திருந்தால் 28-ம் பிரிவு. கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் 10ஏ. முஸ்லிம்களுக்கு இருவரும் சம்மதித்துப் பிரியும் முபாராத் உண்டு. எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்து மனுவின் தலைப்பும் காத்திருப்புக் காலமும் மாறும். அதனால் வக்கீலிடம் கல்யாணம் எந்த முறையில் நடந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

நம் இரண்டு மாவட்டத்திலும் பதினெட்டு வயதுக்கு முன் கட்டிக்கொடுத்த கல்யாணங்கள் இருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை என்றால் மியூச்சுவலுக்கு ஓடாதீர்கள். 2006-ம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 3-ம் பிரிவில், மேஜரான இரண்டு வருடத்துக்குள் அந்தத் திருமணத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். விவாகரத்து ஆனவள் என்ற பெயரே வராது. இந்தக் கதவு இருபது வயதில் மூடிவிடும் என்று தெரியாமல் தவறவிட்ட பெண்களைப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை.

3. இரண்டு குறுக்கு வழிகளில் இறங்காதீர்கள்

ஒன்று, பாண்டு பேப்பர். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, தாலியை வாங்கி வைத்து, ‘இன்று முதல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று எழுதி, நோட்டரி முத்திரையும் குத்திவிடுவார்கள். “அத்துவுட்டாச்சு” என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அந்தத் தாள் விவாகரத்து ஆகாது. சமூக வழக்கப்படியான மணமுறிவை இந்து திருமணச் சட்டம் 29-ம் பிரிவில் காப்பாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்பதைக் கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும். அதை நம்பி மறு கல்யாணம் செய்தவர்கள் மேல் இரண்டாம் திருமண வழக்கு வந்து நின்றிருக்கிறது. அந்தத் தாள் கையில் இருந்தால் கிழித்துப் போட வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள் என்று காட்ட உதவும், வக்கீலிடம் கொடுங்கள்.

இரண்டாவது, எக்ஸ்பார்ட்டி. “ஒரு ஆள் கேஸ் போடட்டும், இன்னொரு ஆள் ஆஜராகாம இருக்கட்டும், சீக்கிரம் முடிஞ்சிடும்” என்பார்கள். அதற்குக் கொடுமை, கைவிட்டுப் போனது என்று ஏதாவது குற்றம் எழுத வேண்டும். இரு தரப்பும் கூடிச் செய்த ஏற்பாடு என்று தெரிந்தால் கோர்ட் விவாகரத்து தராது. தீர்ப்பு வந்தாலும் எதிர்த்தரப்பு மனம் மாறி, தனக்கு நோட்டீஸ் சரியாக வரவில்லை என்று அதை ரத்து செய்யக் கேட்கலாம். உண்மையாகவே சம்மதம் இருக்கும்போது எதற்கு இந்த வழி?

4. காகிதங்களைத் திரட்டுங்கள்

வக்கீல் ஆபீஸுக்குப் போகும்போதே முழுக் கட்டும் கையில் இருந்தால் மனு சீக்கிரம் தயாராகும், ஃபீஸும் தெளிவாகப் பேச முடியும்.

கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, பதிவுச் சான்று இருந்தால் அது, இருவரின் ஆதார், குடும்ப அட்டை, குழந்தைகளின் பிறப்புச் சான்று, இருவரின் பாஸ்போர்ட் அளவு போட்டோ, முந்தைய வழக்குகளின் நகல். தீர்த்தமலையிலோ வேறு கோயிலிலோ கல்யாணம் நடந்து பத்திரிகை அடிக்கவில்லை என்றால் கோயில் ரசீதைத் தேடுங்கள்.

பதிவு செய்யாத கல்யாணம் என்றால், விவாகரத்துக்காக இப்போது போய்ப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் உண்டு. தேவையில்லை. பதிவு செய்யாததால் இந்துத் திருமணம் செல்லாமல் போகாது என்று இந்து திருமணச் சட்டத்தின் 8-ம் பிரிவே சொல்கிறது. பத்திரிகையும் போட்டோவும் வைத்தே தாக்கல் ஆகியிருக்கிறது.

அப்புறம் பெயர். என் கடையில் அதிக நேரம் போவது இதில்தான். ஆதாரில் ‘முனியம்மாள்’, குடும்ப அட்டையில் ‘முனியம்மா’, பத்திரிகையில் வீட்டுப்பெயர் ‘செல்வி’. ஒரு வழக்கில் கணவரின் இனிஷியல் கல்யாணத்துக்கு முன் ஒன்று, ஆதாரில் வேறொன்று. இப்படி இருந்தால் மனுவில் ‘முனியம்மாள் என்கிற செல்வி’ என்று முதலிலேயே போட்டுவிட வேண்டும். தீர்ப்பில் பெயர் தப்பாக வந்துவிட்டால் திருத்த இன்னொரு மனு, இன்னொரு செலவு.

5. எந்தக் கோர்ட் என்பதை முடிவு செய்யுங்கள்

கல்யாணம் நடந்த ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி மனுதாரராக இருந்தால் அவர் இப்போது வசிக்கும் ஊர், இவற்றில் எந்த எல்லையிலும் போடலாம்.

பெங்களூரிலோ திருப்பூரிலோ குடும்பம் நடத்தியவர்கள் அங்கேதான் போட வேண்டும் என்று நினைத்து அலைகிறார்கள். கல்யாணம் அரூரில் நடந்திருந்தாலோ, பெண் பென்னாகரத்தில் அம்மா வீட்டில் இருந்தாலோ இங்கேயே போடலாம். ஆதாரில் பெங்களூர் முகவரி இருந்தால் இப்போது வசிக்கும் வீட்டுக்கு வேறு ஏதாவது சான்று எடுத்து வையுங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை பக்கத்தவர்கள் உங்கள் தாலுகா மனு எந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போகும் என்பதை வக்கீல் வைப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீல் ஊர் விட்டு ஊர் வர வேண்டியிருந்தால் அது ஃபீஸில் ஏறும். வழக்கு நடக்கிற கோர்ட்டிலேயே தினமும் இருக்கும் வக்கீலாகப் பார்ப்பது நல்லது.

6. வக்கீலைத் தேடுங்கள்

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி. அதனால் விலைப்பட்டியல் எங்கேயும் இருக்காது. கோர்ட் கேட்டில் நின்று “என்னம்மா, டைவர்ஸா?” என்று கேட்டுக் கூட்டிப் போகிறவர் பின்னால் போகாதீர்கள். அவருக்கும் ஒரு பங்கு உங்கள் பணத்திலிருந்துதான் போகும். சமீபத்தில் மியூச்சுவல் முடித்தவர் யாரையாவது கண்டுபிடித்துக் கேளுங்கள். “நல்ல வக்கீலா?” என்று கேட்பதை விட, “போன் பண்ணா எடுப்பாரா? ரெண்டாவது ஹியரிங்குக்கு அவரே வந்தாரா? ஆர்டர் காப்பி வாங்கிக் கொடுத்தாரா?” என்று கேளுங்கள்.

குறைந்தது இரண்டு பேரையாவது பாருங்கள். அவருடைய என்ரோல்மென்ட் நம்பரை, அதாவது பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவான எண்ணை, கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பெண்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ம் பிரிவு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தைக் கோர்ட்டில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். கையில் பணம் இல்லாத பெண் கடன் வாங்கி ஃபீஸ் கட்டுவதைப் பார்த்தால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இருவருக்கும் ஒரே வக்கீல் போதுமா என்று கேட்பார்கள். சேர்ந்து போடும் மனு என்பதால் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், செலவும் குறையும். பெரிய தொகையோ, நிலமோ, குழந்தையோ இடையில் இருந்தால் தனித்தனி வக்கீல் வைப்பதே என் கருத்து. ஒரே வக்கீல் என்றால் அவர் முதலில் யாருடைய ஆளாக வந்தாரோ அந்தப் பக்கம் சாய வாய்ப்பு உண்டு. குறைந்தபட்சம், கையெழுத்துக்கு முன் ஒப்பந்த வாசகத்தை வேறொரு வக்கீலிடம் ஒருமுறை காட்டி விடுங்கள்.

7. ஃபீஸ் பேசுங்கள், எழுதி வாங்குங்கள்

இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் ரொம்பவும் வற்புறுத்துவது இந்த ஒரு படியைத்தான். “மொத்தமா இவ்வளவு கொடுத்துடுங்க, நான் பாத்துக்கறேன்” என்று வக்கீல் சொல்வார். அந்த ‘மொத்தமா’வுக்குள் எது எது இருக்கிறது என்று அவர் ஒன்று நினைத்திருப்பார், நீங்கள் ஒன்று நினைத்திருப்பீர்கள். அவர் நினைப்பது மனு தாக்கல் வரை. நீங்கள் நினைப்பது தீர்ப்பு நகல் கைக்கு வரும் வரை. பின்னால் வரும் மனக்கசப்பு எல்லாம் இந்த இடைவெளியில்தான் முளைக்கிறது.

அதனால் தொகையைக் கேட்பதற்கு முன் வேலையைக் கேளுங்கள். இப்படி ஒவ்வொன்றாக:

“சார், மனுவும் பிரமாணப் பத்திரமும் எழுதுறது இதுல சேருமா? கோர்ட்டு ஏதாவது குறை சொல்லி ரிட்டர்ன் பண்ணா திருத்தி மறுபடி போடுறது? கவுன்சிலிங் நாளுக்கு நீங்க வருவீங்களா, ஜூனியரா? ஆறு மாசத்தைக் குறைக்கச் சொல்லி மனு போட்டா அது தனியா? ரெண்டாவது விசாரணை? ஆர்டர் காப்பி வாங்கிக் குடுக்கறது?”

கேட்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். எழுதுகிறவரிடம் யாரும் பேச்சை மாற்றுவதில்லை.

வெளிச்செலவு தனி. கோர்ட் ஸ்டாம்ப், வக்காலத்து (உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் அதிகாரத் தாள்) ஸ்டாம்ப், டைப்பிங், ஜெராக்ஸ், நோட்டரி, நகல் மனுவுக்கான செலவு, குமாஸ்தாவுக்குத் தருவது. ஒவ்வொன்றும் சிறிய தொகைதான், சேர்ந்தால் கணிசமாக வரும். இதற்கும் ஒரு மொத்த வரம்பு பேசிவிடுங்கள். கோர்ட் ஊழியருக்குக் கொடுக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டால் தராதீர்கள், அதற்குக் கணக்கும் இல்லை ரசீதும் இல்லை.

ஜீவனாம்சத் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். கணக்கு புரிய ஒரு உதாரணம்: 30,000 ரூபாய் பேசினீர்கள் என்றால், வக்காலத்தில் கையெழுத்துப் போடும் நாளில் 10,000, கோர்ட் மனுவை ஏற்று நம்பர் போட்டதும் 10,000, இரண்டாவது விசாரணை முடிந்து ஆர்டர் காப்பி கையில் வாங்கும்போது 10,000. கடைசித் தவணை உங்களிடம் இருக்கும்வரை நகல் வேலை நகரும். முழுப் பணமும் முதல் நாளே கொடுத்தவர்கள்தான் நகலுக்காக மாதக்கணக்கில் என் கடைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வக்கீலும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். “எழுத்துல எதுக்குங்க” என்று அவர் தயங்கினால் அன்று இரவே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘சார், இன்று பேசியபடி மொத்தம் இவ்வளவு, இதில் இன்னின்ன வேலை அடங்கும், தவணை இப்படி. சரிதானே?’ “சரி” என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது, போனில் அனுப்பினால் குறிப்பில் ‘மியூச்சுவல் ஃபீஸ், முதல் தவணை’ என்று போடுங்கள்.

எதிர்த்தரப்பு மனம் மாறினால் என்ன என்பதையும் அன்றே பேசுங்கள். தீர்ப்பு வரும் வரை இருவரில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அதைத் தடுக்க முடியாது. அப்படி ஆனால் மீதித் தவணை தர வேண்டுமா, வழக்கு தகராறாக மாறினால் புது ஃபீஸா என்று தெளிவாக இருக்கட்டும்.

8. மனுவை வரிக்கு வரி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

என் கடையில் பிரிண்ட் எடுத்ததும் பலர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, “எங்கக்கா கையெழுத்து?” என்று கேட்பார்கள். நான் பேனாவைக் கொடுக்க மாட்டேன். முதலில் படிக்கச் சொல்வேன்.

மனு ஆங்கிலத்தில் இருந்தால் வக்கீலைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஓசூர் பக்கம் தெலுங்கோ கன்னடமோ வீட்டு மொழியாக உள்ளவர்கள், அந்த மொழியில் விளக்கக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

பார்க்க வேண்டியவை: கல்யாணத் தேதி, பிரிந்த தேதி, பெயர்கள், குழந்தையின் பிறந்த தேதி, முகவரி. அதற்கு மேல், முதல் படியில் எழுதிய வெள்ளைத்தாளை மனுவுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியும் உள்ளே வந்திருக்கிறதா என்று டிக் அடியுங்கள். நாலு பவுன் செயின் அங்கே இருக்க வேண்டும்.

எழுதாத வெள்ளைத்தாளிலோ வெற்றுப் பாண்டு பேப்பரிலோ எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் சான்றுகள் தரும்போது ஒவ்வொன்றையும் ஜெராக்ஸ் எடுத்து, ‘அசல் பெற்றுக்கொண்டேன்’ என்று அதில் ஆபீஸில் எழுதி வாங்குங்கள்.

9. தாக்கலும் முதல் விசாரணையும்

மனு ஏற்கப்பட்டதும் எச்.எம்.ஓ.பி. நம்பர், அதாவது இந்து திருமண மனு எண், கிடைக்கும். கூடவே உங்கள் வழக்குக்கு மட்டுமே உரிய பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி உங்களுக்கே தெரியும். தேதிக்காக ஒவ்வொரு தடவையும் குமாஸ்தாவைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் விசாரணைக்கு இருவரும் நேரில் வர வேண்டும். அசல் ஆதாரை எடுத்து வாருங்கள். குடும்ப நல நீதிமன்றம் என்றால் கவுன்சிலரிடம் அனுப்பலாம். சேர்ந்து வாழ ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்பது அவர்கள் கடமை. அதற்காகக் கோபப்பட வேண்டாம். நீதிபதி கேட்பது முக்கியமாக ஒன்றுதான்: யாராவது மிரட்டியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கினார்களா? உள்ளதைச் சொல்லுங்கள். பயந்து சம்மதித்திருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடமும் இதுதான்.

ஊர்க்காரர்கள் முன்னால் எல்லாம் பேச வேண்டியிருக்குமோ என்று பெண்கள் பயப்படுவார்கள். திருமண வழக்குகளை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 22-ம் பிரிவு சொல்கிறது. தயங்காமல் போங்கள்.

வளைகுடாவிலோ வெளிமாநிலத்திலோ வேலை செய்பவர் வர முடியாவிட்டால் காணொளி மூலம் ஆஜராக அனுமதி கேட்கலாம். அனுமதிப்பது நீதிபதியின் முடிவு. அதற்கான மனு மொத்த ஃபீஸில் சேருமா என்று ஏழாவது படியிலேயே கேட்டிருக்க வேண்டும்.

10. ஆறு மாத இடைவெளி

முதல் மனு போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் கழித்துத்தான் இரண்டாவது கட்டம். பதினெட்டு மாதத்துக்குள் அதைக் கேட்டுவிட வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் நிபந்தனை இருக்கிறது: மனு போடும் முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி பலிக்காமல் போயிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் முடிவாகியிருக்க வேண்டும். முதல் விசாரணை முடிந்து ஒரு வாரத்தில் இதற்கு மனு போடலாம். “ஒரே மாசத்துல முடிச்சுத் தர்றேன்” என்று உறுதி கொடுத்து அதற்காகக் கூடுதல் ஃபீஸ் கேட்பவரை நம்பாதீர்கள். அது அவர் கையில் இல்லை.

ஆறு மாதம் மே மாதத்தில் முடிந்தால் கோடை விடுமுறையைக் கணக்கில் வையுங்கள்.

வக்கீல் போனை எடுக்காமல் போவதும் இந்தக் காலத்தில்தான். முதலில் வாட்ஸ்அப்பில் தேதி கேட்டு எழுதுங்கள். நேரில் போங்கள். சரிப்படவே இல்லை என்றால் வக்கீலை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிப் புதியவர் வக்காலத்து போடுவார். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் காகிதக் கட்டைத் தராமல் வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ம் ஆண்டே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதையும் மீறினால் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

11. இரண்டாவது விசாரணையும் நகலும்

பேசிய பணத்தை முழுவதும் முன்னாலேயே கொடுத்தால் வாங்கியவர் வராமல் போகலாம். எதுவும் கொடுக்காமல் இருந்தால் அவர் நம்பி வர மாட்டார். அதனால் ஒரு பகுதியை முதல் விசாரணையன்றும், மீதியை இரண்டாவது விசாரணையன்று நீதிபதி முன்னால் டிமாண்ட் டிராஃப்டாகவும் கொடுப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. டிராஃப்ட் எண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நகை, சீர் கைமாறினால் அன்றே பெற்றுக்கொண்ட ரசீது எழுதுங்கள்.

“டைவர்ஸ் ஆயிடுச்சு, வீட்டுக்குப் போங்க” என்று வக்கீல் சொன்னதும் பலர் பஸ் ஏறிவிடுகிறார்கள். அன்றைக்கே காப்பி அப்ளிகேஷன் போட்டு நம்பர் வாங்குங்கள். தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டுக்கும் சான்றிட்ட நகல் வேண்டும். தலைக்கு இரண்டு செட் வாங்குவது நல்லது. கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பெயர், தேதி, குழந்தை விவரம் சரிபாருங்கள். பிழை இருந்தால் உடனே வக்கீலிடம் காட்டுங்கள். அதைச் சரிபார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

நகல் கையில் இல்லாமல் மறு கல்யாணத்துக்கு நாள் குறிக்காதீர்கள். எப்போது செய்யலாம் என்று வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் குடும்ப அட்டையில் பெயர் பிரிப்பது, பி.எஃப்., இன்சூரன்ஸ், வங்கிக் கணக்குகளில் நாமினியை மாற்றுவது. எல்லா இடத்திலும் ஜெராக்ஸைக் கொடுங்கள், அசலைக் காட்டி மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.